பழைய கதவும் சில துளைகளும்

பழைய மரத்தில் துளை இல்லாமல் இராது. நாற்பது, ஐம்பது வருடங்கள் ஒரு வீட்டின் கதவாகவோ யன்னலாகவோ தீராந்தியாகவோ நின்ற மரத்தை இறக்கி, அதனை மேசையாகவோ வாங்காகவோ மாற்ற முற்படும் எவரும் முதலில் எதிர்கொள்வது இந்தத் துளைகளைத்தான். ஆணி இருந்த துளை, திருகாணி இருந்த துளை, பூச்சி அரித்த துளை, கொண்டியும் தாழ்ப்பாளும் இருந்த பள்ளம். பொலிஷ் பூசுவதற்கு முன்னர் இவற்றை என்ன செய்வது? ஹார்ட்வெயார் கடையில் ஒரு டப்பா வூட் பில்லர் வாங்கி எல்லாவற்றையும் அப்பி மூடிவிடலாம் என்பதே பெரும்பாலானோரின் பதில். அது தவறான பதில் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வியை முழுவதுமாகக் கேளாமல் சொல்லப்பட்ட பதில் என்பேன்.

நான் தச்சன் அல்லன். முப்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகையில் வேலை செய்தவன். உளியைப் பிடித்த நாட்கள் மிகக் குறைவு. இங்கே எழுதுவன எல்லாம் அருகில் நின்று பார்த்தறிந்தவையும் கேட்டறிந்தவையுமே. பத்திரிகைக்காரனின் அறிவு பெரும்பாலும் அப்படிப்பட்டதுதானே.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இலங்கையில் பழைய மரத்துக்கு ஒரு புது மரியாதை வந்தது. அதற்கு முன்னரும் அது இருந்ததுதான். ஆனால் அது வசதி படைத்தோரின் மோகமாக இருந்தது. இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் தேக்கு, பலா, முதிரை மரங்களை வாங்கி, அவற்றில் செய்த தளபாடங்களைக் குளிரூட்டிய காட்சியறைகளில் வைத்து விற்றார்கள். மரத்தின் விலை ஏறிய பின்னர், சாதாரணக் குடும்பங்களும் கோடிப்புறத்தில் கிடந்த பழைய கதவையும் உடைந்த அலுமாரியையும் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கின. மோகத்தின் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். புதிய மரத்தைச் சங்கிலியால் அடித்து, ஊசியால் குத்தி, பூச்சி அரித்ததுபோலத் துளைகள் போட்டு, 'பழைய மரம்' என்று விற்கும் வித்தை உலகின் பல நாடுகளில் இருக்கிறது. ஒருவர் துளையை மூடக் காசு கொடுக்கிறார், மற்றவர் துளையைப் போடக் காசு கொடுக்கிறார். சந்தை விசித்திரமானது.

கொழும்பில் எனது நண்பர் ஒருவர் இத்தகைய மேசை ஒன்றை வாங்கினார். மேற்பலகை உண்மையாகவே பழைய தேக்கு. துளைகள் யாவும் பழுப்பு நிறப் பில்லரால் மூடப்பட்டு, அதன்மேல் கண்ணாடிபோன்ற தடித்த பூச்சு. ஆறு மாதங்கள் கழியுமுன்னர் மேசையின் கீழே தரையில் மாவுபோன்ற தூள் சிறு குவியல்களாக விழத் தொடங்கியது. பழைய மரத்தில் இருந்த பூச்சி திரும்பவும் எழுந்துவிட்டது என்று அவர் நினைத்தார். கடைக்காரரும் அப்படியே சொல்லித் தப்பிக்கொண்டார்: "பழைய மரம் என்றால் அப்படித்தான் ஐயா."

மேசையைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் விடயம் புரிந்தது. தூள் வந்தது பழைய தேக்கிலிருந்து அல்ல. அதைத் தாங்குவதற்காகக் கீழே அடித்திருந்த புதிய சட்டங்களிலிருந்து. அவை இறப்பர் மரம். பதப்படுத்தாத இறப்பர் மரம்.

இந்தப் பூச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் துளை மூடும் வேலையில் பாதி இதை அறிந்துகொள்வதுதான். மரத்தை மாவாக்கும் இந்த வண்டு தன் முட்டைகளை மரத்தின் மிக நுண்ணிய குழாய்களுக்குள் இடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு மரத்துக்குள்ளேயே மாதக் கணக்கில் தின்று வளர்கிறது. அது தேடுவது மரத்திலுள்ள மாச்சத்தை. எனவே அது வயிரத்தை விட்டுவிட்டு, மரத்தின் வெளிப்புறத்தில் வெளிர் நிறமாக இருக்கும் மென்பகுதியையே அரிக்கும். வளர்ந்து வண்டான பின்னர் வெளியே வருவதற்காக அது போடும் வாசல்தான் நாம் காணும் துளை. ஒரு மில்லிமீற்றர் அல்லது அதற்குச் சற்றுக் கூடிய அகலம். அதாவது, நாம் துளையைக் காணும்போது அந்த வண்டு போய்விட்டது. அந்தத் துளையை மூடுவது வெளியேறிவிட்ட கள்வனுக்குப் பின்னால் கதவைச் சாத்துவது போன்றது. உள்ளே அவனுடைய உறவினர் இன்னும் இருக்கிறார்களா என்பதே கேள்வி.

மரம் வயதாக ஆக அதிலுள்ள மாச்சத்துக் குறைந்துவிடும். ஆகவே ஐம்பது வருடப் பழைய கதவில் காணும் இத்தகைய துளைகள் அநேகமாகப் பழைய கதையே. இறப்பர் மரத்திலோ மாச்சத்து மிக அதிகம். அதனாலேயே அதை அரிந்தவுடன் போரன் சேர்ந்த உப்புக் கரைசலில் பதப்படுத்துகிறார்கள். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க நினைத்த எவரோ ஒருவரின் சட்டங்கள் என் நண்பரின் சாப்பாட்டு அறைக்கு வந்து சேர்ந்திருந்தன.

துளை பழையதா புதியதா என்று அறிவது கடினமல்ல. துளையின் விளிம்பும் உட்புறமும் கறுத்து, தூசு படிந்திருந்தால் பழையது. உட்புறம் புதிதாக அரிந்த மரத்தின் நிறத்தில் வெளுத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். பலகையின் கீழே கறுப்புத் தாளொன்றை விரித்து, மேலே மெல்லத் தட்டி, சில வாரங்கள் அப்படியே விட்டுவைத்தால் தாள் சாட்சி சொல்லும். சந்தேகம் இருந்தால் வெண்காரத்தையும் போரிக் அமிலத்தையும் வெந்நீரில் கரைத்துப் பூசலாம். பொலிஷோ வார்னிஷோ எதுவும் இல்லாத வெறும் மரத்தில்தான் பூச வேண்டும். பூச்சு ஏறிய மரத்துக்குள் அது இறங்காது. எனவே பில்லருக்கும் முன்னர் செய்ய வேண்டிய வேலை இது. மூடிவிட்டுப் பிறகு மருந்து போடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இவையெல்லாம் எனக்குத் தெரிய வந்தது எங்கள் வீட்டுக் கதவினால்.

தென்மராட்சியில் இருந்த எங்கள் வீட்டின் முன்கதவு இரட்டைக் கதவு. வேம்பு. ஒவ்வொரு கதவிலும் மூன்று பலகைகள். பின்புறம் குறுக்குச் சட்டங்கள் வைத்து ஆணி அடித்திருந்தது. நிலை முதிரை. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்து, சண்டை சாவகச்சேரி வரை வந்தபோது ஊரே வெளியேறியது. 2002 போர்நிறுத்தத்தின் பின்னர் திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரை இல்லை. சலாகைகளும் இல்லை. நிலையும் இல்லை. கதவுகள் இரண்டும் வளவின் பின்பக்கத்தில் ஒரு பதுங்குகுழியின் கூரையாகக் கிடந்தன. மேலே மண். எந்தத் தரப்புப் போட்டது என்று யாருக்குத் தெரியும். இரு தரப்புக்கும் கதவு பலகைதான்.

மண்ணுக்குள் இரண்டு வருடம் கிடந்த மரத்தைக் கறையான் விட்டுவைத்திருக்காது என்றே எண்ணினோம். வேம்பைப் பூச்சி தொடாது என்று ஊரில் சொல்வார்கள். அது முழு உண்மை அல்ல. செந்நிறமான வயிரத்தைத் தொடவில்லை. ஓரத்தில் இருந்த வெளிர் பகுதியைத் தின்று தீர்த்திருந்தது. மீந்ததை மாமா ஒருவரின் கொட்டிலில் அடுக்கி வைத்தோம். அங்கே அவை இருபது வருடங்களுக்கு மேல் கிடந்தன. 2023இல், கொழும்பில் எங்களோடு வந்து தங்கியிருக்கும் அம்மா, "அந்தக் கதவில ஒரு மேசை செய்யேலாதோ?" என்று கேட்டார். அவருக்கு அப்போது எண்பத்து மூன்று வயது. அதற்கு முன்னர் அவர் அந்தக் கதவைப் பற்றிப் பேசியதே இல்லை.

ஊரிலுள்ள தச்சர் ஒருவரிடம் வேலையைக் கொடுத்தோம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணை என்றே அழைப்பேன். அவர் பலகைகளைப் பார்த்ததும் சீவுளியை எடுக்கவில்லை. ஒலிபெருக்கியொன்றிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு நூலில் கட்டி, அதைப் பலகையின்மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். காந்தம் இழுத்த இடமெல்லாம் சோக்கால் வட்டம் போட்டார். ஒரு பலகையில் மட்டும் பதினேழு வட்டங்கள்.

"தம்பி, உதில பாதி ஆணி. மிச்சம் ஷெல்லின்ர துண்டு. சீவுளி போனால் போகட்டும், மிசின்ல குடுத்தா ஆளுக்கும் ஆபத்து" என்றார்.

வடக்கில் மரம் அரிவோர் எல்லோரும் அறிந்த விடயம் இது. தென்னையிலும் பனையிலும் மாவிலும் இரும்பு இருக்கிறது. மாமரம் காயத்தை மூடி வளர்ந்துவிடும். வெளியே ஒரு தழும்புகூடத் தெரியாது. வாள் மட்டும் கண்டுபிடிக்கும்.

ஆணி பிடுங்குவதிலும் ஒரு நிதானம் வேண்டும். குறட்டை நேரே பலகையில் ஊன்றி இழுத்தால் துளையோடு ஒரு பள்ளமும் சேர்ந்துகொள்ளும். குறட்டின்கீழ் ஒரு மரத்துண்டை வைத்தார். தலை உடைந்த ஆணிகளைப் பின்புறத்திலிருந்து தட்டி முன்னே தள்ளினார். அதற்கும் அசையாதவற்றைச் சுற்றிலும் சன்னமாகத் துளைத்து, மரத்தோடு சேர்த்து எடுத்தார். அப்போது சிறுதுளை பெருந்துளையாகிவிடும். ஆனால் வட்டமான ஒழுங்கான துளை. மூடுவதற்கு அதுவே இலகு.

ஆணி இருந்த இடத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருக்கும். துரு என்று பலர் நினைப்பர். துரு செம்மை. இந்தக் கறுப்பு, இரும்பும் மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் ஈரத்தில் கூடி உண்டாக்கும் நிறம். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக எழுதப் பயன்பட்ட கறுப்பு மையும் இதே சேர்க்கையால் ஆனதுதான். மையோடு வாழ்ந்தவன் என்பதால் இதைக் கேட்டபோது எனக்கு அந்தக் கதவின்மேல் ஒரு தனிப் பற்றே உண்டாயிற்று. ஒக்சாலிக் அமிலம் பூசினால் அது பெருமளவு வெளுத்துவிடும். பிறகு நன்றாக நீர் விட்டுக் கழுவ வேண்டும், கையுறையும் வேண்டும். நாங்கள் வெளுக்கவில்லை. துளையை மூடிய பின்னர் அந்த வளையம் ஒரு சிறு கணுப்போலத் தெரிந்தது. போதும்.

எல்லாப் பள்ளமும் துளை அல்ல என்பது அடுத்த பாடம். சுத்தியல் பட்டோ கல் பட்டோ உண்டான பள்ளத்தில் மரம் இல்லாமற் போகவில்லை, நசுங்கியிருக்கிறது. அதை நிரப்பத் தேவையில்லை. ஈரத்துணியை அதன்மேல் போட்டுச் சூடான ஸ்திரிக்கைப்பெட்டியைச் சற்று வைத்தால் நீராவி ஏறி நார்கள் பொங்கி எழும். முதன்முறை பார்ப்பவருக்கு இது மாயவித்தைபோல இருக்கும். நார் அறுந்திருந்தால் மட்டும் எழாது.

இனி நிரப்புவது. மரத்தூளையும் வெள்ளை மரப்பசையையும் குழைத்து அப்புவது எங்கள் ஊர்களில் எல்லோரும் செய்வது. செலவில்லாதது. அதிலுள்ள சிக்கல் பூச்சுப் பூசும்போதுதான் வெளிவரும். பசை காய்ந்தால் பூச்சை உறிஞ்சாது. துளையைச் சுற்றிப் பசை பரவிய இடமும் உறிஞ்சாது. பலகை முழுவதும் எண்ணெய் குடித்துச் செம்மை ஏறும்போது, துளைகளைச் சுற்றி மட்டும் வெளிறிய தேமல்போல நிற்கும். பலர் பில்லரின் நிறத்தைக் குறை சொல்வார்கள். குற்றவாளி அந்தப் பரவிய பசை. எங்கள் தச்சர் இதற்காக முதலில் அவலரக்கை ஸ்பிரிட்டில் மிக மெல்லியதாகக் கரைத்து, துளையின் சுற்றுப்புறத்தில் ஒருமுறை தடவினார். அது மரத்தின் துவாரங்களை அடைத்துவிடும். பின்னர் நிரப்பி, காய்ந்ததும் தேய்க்கும்போது அரக்கும் பசையும் சேர்ந்து போய்விடுகின்றன. கீழே வெறும் மரம்.

நிறத்தைப் பொறுத்தவரை அவர் சொன்ன உபாயம் எனக்கு மிகவும் பிடித்தது. காய்ந்த பலகையின் நிறத்தைப் பார்த்துப் பில்லரைக் கலக்கக் கூடாது. பலகையில் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒருதரம் துடைத்தால் அது ஈரமாக இருக்கும் அந்தச் சில நொடிகளில் காட்டும் நிறமே பொலிஷ் பூசிய பின்னர் வரும் நிறம். அந்த நிறத்துக்குத்தான் கலக்க வேண்டும். சந்தேகம் என்றால் ஒரு படி கருமையாகவே கலக்க வேண்டும். மரத்தில் கரும்புள்ளியைக் கண்டால் கண் அதைக் கணு என்று எடுத்துக்கொண்டு கடந்துவிடும். வெண்புள்ளியைக் கண்டால் அங்கேயே நின்றுவிடும்.

நீர் கலந்த பில்லர் காயும்போது சுருங்கும். எனவே ஒரே தடவையில் நிரப்பாமல், காய விட்டு இரண்டாந்தரம், மேற்பரப்புக்கு மேலே சிறிது பிதுங்க நிரப்ப வேண்டும். இரண்டு குழாய்களிலிருந்து எடுத்துக் கலக்கும் எப்பொக்சி சுருங்குவதில்லை. அது சற்று ஆழமான துளைகளுக்கு. தேய்ப்பதற்கு 120, பிறகு 180, பிறகு 220 இலக்க மண்கடதாசி. ஆசைப்பட்டு ஆழமாகத் தேய்த்தால், பூச்சி அரித்த பலகையில் புள்ளியாக இருந்தவை கோடுகளாகிவிடும். உள்ளே ஓடிய சுரங்கங்களின் கூரையை நாமே பெயர்த்துவிடுகிறோம். பலகைகளுக்கு இடையேயான மூட்டு இடைவெளிகளை நிரப்பவே கூடாது. மாரியில் மரம் ஊதும், சோளகத்தில் ஒடுங்கும். நிரப்பியது உதிர்ந்து விழும், அல்லது பலகையை வெடிக்க வைக்கும்.

வேறொன்றும் உண்டு. ஆணித்துளைக்குள் மூங்கிற் குச்சியையோ ஈர்க்கையோ பசை தடவிச் செருகி வெட்டிவிடுவது. விரைவான வேலை, உறுதியானதும்கூட. ஆனால் அந்தக் குச்சியின் வெட்டுமுகம் மேலே நோக்கி நிற்கும். மரத்தின் வெட்டுமுகம் எப்போதும் பூச்சை அதிகம் குடிக்கும். பொலிஷ் ஏறியதும் ஒவ்வொன்றும் கண்மணிபோலக் கறுத்து நம்மைப் பார்க்கும். தெரியக் கூடாதென்றால், அதே மரத்தில், இழை அதே திசையில் ஓடும்படி, குறுக்காக வெட்டிய அடைப்பு வேண்டும். அது பொறுமையான வேலை. அவர் எல்லாத் துளைக்கும் அதைச் செய்யவில்லை. அதற்குத் தகுதியான துளைக்கு மட்டும் செய்தார்.

1990களின் தொடக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எழுத்துக்களைக் கையால் கோத்துத்தான் பத்திரிகை அச்சிட்டோம். மின்சாரம் இல்லை, தாளும் இல்லை, கோடுபோட்ட கொப்பித் தாளில்கூட யாழ்ப்பாணத்தில் பத்திரிகை வந்த காலம். செய்தி முடிந்து பத்தியின் அடியில் ஓர் அங்குலம் மீந்தால் அதை நிரப்ப எங்களிடம் எப்போதும் சில துணுக்குகள் தயாராக இருக்கும். திமிங்கிலத்தின் நாக்கின் எடை, உலகின் மிக உயரமான கோபுரம், இப்படி. அச்சுக்கோப்பாளர்களில் மூத்தவர் ஒருவர், துணுக்கு நல்லதாக இருக்கக் கூடாது என்பார். நல்லதாக இருந்தால் சனம் அதைத்தான் வாசிக்கும், செய்தியை வாசிக்காது. தச்சர் கருமையான பில்லரைப் பற்றிச் சொன்னபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது. ஆனால் நிரப்பாமல் விட்ட இடங்களும் எங்கள் தொழிலில் உண்டு. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் செய்தித் தணிக்கை கடுமையாக்கப்பட்டபோது, வெட்டப்பட்ட பகுதியை வெறுமையாகவே விட்டு வெளிவந்த பத்திரிகைகள் இருந்தன. அந்த வெள்ளை இடத்தை வாசகர்கள் செய்தியைவிடக் கவனமாக வாசித்தார்கள். அதே மாதங்களில்தான் எங்கள் கதவு பதுங்குகுழியின் மேல் கிடந்திருக்க வேண்டும்.

ஆகவே, கதவில் இருந்த ஷெல் துண்டுகளின் துளைகளை மூடக் கூடாது என்று நான் நினைத்தது உங்களுக்கு வியப்பாக இராது. ஐந்து துளைகள். ஒன்று பெருவிரல் நுழையும் அளவு, மற்றவை சிறியவை. விளிம்பில் நார்கள் கிழிந்து உட்புறமாக மடிந்திருந்தன. பூச்சியோ ஆணியோ அப்படிச் செய்யாது. தச்சர் இரும்பை எடுத்து ஒரு பழைய பால்மாப் பேணிக்குள் போட்டு வைத்திருந்தார். அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். அதைப் பற்றி அவருக்கு ஒரு அபிப்பிராயமும் இல்லை. "சோறு போய் அடையாத மாதிரி ஏதாவது செய். எறும்பு வரும்" என்றார். தச்சர் கிழிந்த விளிம்புகளை வெட்டித் திருத்தாமல், எப்பொக்சியில் கரித்தூளைக் கலந்து, மேற்பரப்போடு மட்டமாக ஊற்றினார். கைக்கு வழுவழுப்பு. கண்ணுக்கு ஐந்து கரிய பொட்டுகள். வேலை முடிந்தது.

அம்மாவுக்கு அபிப்பிராயம் இருந்தது வேறொரு துளையைப் பற்றி.

வலக் கதவின் நடுப்பலகையில், நிலத்திலிருந்து ஏறத்தாழ நாலரை அடி உயரத்தில், அரை அங்குல விட்டத்தில் ஒரு வட்டத் துளை. அப்பா துறப்பணத்தால் போட்டது. 1987ஆம் ஆண்டின் இறுதி. இந்திய இராணுவம் ஊருக்குள் வந்திருந்த காலம். இரவில் கதவு தட்டப்படும்போது, திறப்பதற்கு முன்னர் வெளியே நிற்பது யார் என்று பார்ப்பதற்காக. உட்புறத்தில் ஒரு தகரத் துண்டை ஒற்றை ஆணியில் தொங்கவிட்டிருந்தார். அதைத் தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும். துளையைத் தன் உயரத்துக்குப் போடாமல் அம்மாவின் உயரத்துக்குப் போட்டிருந்தார். ஆண்கள் கதவருகே வருவது ஆபத்து என்பதால், தட்டும் சத்தம் கேட்டால் போய்ப் பார்ப்பது அம்மாவின் வேலை. அந்த இராணுவம் 1990இல் போன பிறகும் தட்டுவது நிற்கவில்லை. தட்டுபவர்கள் மாறினார்கள். 1996இல் அப்பா காலமான பின்னரும் அந்தத் துளை வழியாகப் பார்த்தவர் அம்மாவே. எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள். எல்லோரும் ஏதோ ஓர் இரவில் அந்தக் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே தகரம் நகரும் சத்தத்துக்காகக் காத்திருந்தவர்கள்தாம்.

நான் அந்தத் துளையை வைத்திருக்க விரும்பினேன். ஷெல் துண்டு யாருடைய கதவிலும் விழும். இந்தத் துளை எங்களுடையது, இதில்தான் கதை இருக்கிறது என்பது எனது வாதம். ஒரு பித்தளை வளையம் பதித்து, மேலே சிறு கண்ணாடி வைத்தால் அழகாக இருக்கும் என்றும் சொன்னேன்.

"மற்றதை என்னவும் செய். உதை அடை" என்றார் அம்மா.

காரணம் கேட்டேன். "பார்த்தது காணும்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. தச்சரிடம் சொன்னபோது அவர் அம்மாவின் பக்கம் நின்றார். கதவில் இருந்தால் அது பார்க்கிற ஓட்டை, மேசையில் இருந்தால் பருக்கை விழுகிற ஓட்டை என்றார். தொழிலறிந்தவரின் வாதத்துக்கு எதிராக என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அதற்கு மட்டும் அவர் ஒரு பகல் முழுவதும் எடுத்துக்கொண்டார். மற்றக் கதவிலிருந்து வெட்டி ஒதுக்கிய துண்டுகளைத் தன் பட்டறையின் தகரக் கூரையின்கீழ் போட்டு வைத்திருந்தார். அவற்றில் இழை அதே நெருக்கமாக, அதே சாய்வாக ஓடும் ஓர் இடத்தைத் தேடினார். ஒவ்வொரு துண்டாக ஸ்பிரிட்டில் துடைத்துத் துளையின் அருகில் வைத்துப் பார்த்தார். துளையின் வட்டத்தை வட்டமாகவே மூடாமல், உளியால் அதைச் சுற்றி இழையின் திசையில் நீண்ட ஒரு சாய்சதுரமாக வெட்டினார். இழைக்குக் குறுக்கே நேராக நிற்கும் கோடு கண்ணில் படும், சாய்வாகப் போகும் கோடு இழையோடு கலந்துவிடும் என்று விளக்கினார். அடைப்பின் ஓரங்களைக் கீழ்நோக்கி மிகச் சிறிது ஒடுக்கி, பசை தடவி, கொட்டாப்புளியால் தட்டி இறக்கினார். அன்று தேய்க்கவில்லை. பசையின் ஈரத்தில் ஓரம் ஊதியிருக்கும், இப்போது மட்டமாக்கினால் காய்ந்த பின் பள்ளமாகும் என்று நான்கு நாட்கள் விட்டார். தேய்த்து முடித்ததும் என்னைக் கூப்பிட்டுக் கண்டுபிடிக்கச் சொன்னார். எங்கே என்று தெரிந்திருந்தும் சில நிமிடங்கள் தேடினேன்.

மேசை லொறியில் கொழும்புக்கு வந்தது. அவலரக்கு மட்டும் பூசினால் சூடான தேநீர்க் கோப்பை வைத்த இடமெல்லாம் வெள்ளை வளையம் விழும் என்பதால், அதன்மேல் வார்னிஷ் மூன்று தடவைகள் மெல்லியதாகப் பூசியிருந்தார்கள். வருபவர்கள் எல்லோரும் அந்த ஐந்து கரும்பொட்டுகளைத்தான் கேட்கிறார்கள். நான் சொல்கிறேன். அவர்கள் தலையை அசைத்து, விரலால் தடவிப் பார்க்கிறார்கள். அம்மா தன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முருங்கையிலை ஆய்கிறார்.

கடந்த மாரியில் அந்த அடைப்பு ஒரு மயிரிழையளவு மேலெழுந்துவிட்டது. தகரக் கூரையின்கீழ் காய்ந்த துண்டு கொழும்பின் ஈரக்காற்றைக் குடித்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். அம்மாவின் விரல் அதைக் கண்டுபிடித்துவிட்டது. தேய்த்து மட்டமாக்கச் சொல்கிறார். தச்சரிடம் தொலைபேசியில் கேட்டேன். இப்போது தொட வேண்டாம், ஒரு சோளகம் போகட்டும், தானாக இறங்காவிட்டால் பார்க்கலாம் என்றார்.